விட்டுப்போன வாக்கியம்

மே 5, திங்கள்

கோர்ட்டைக் கோடை விடுமுறைக்கு மூடி நாலு நாள் ஆகிறது. வாய் சும்மா கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட் மொழிபெயர்ப்பாளராகக் காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் பேச்சைப் பேசியே பழகிய வாய். வீட்டில் இருப்பது இவர் ஒருவர்தான். அவரும் பக்கத்து அறையில் யாருடைய பல் செட்டுக்கோ அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேச என்னால் ஆகாது.

இன்று ஒரு வேலை வந்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து பதினொரு மாணவர்கள், ஒரு பேராசிரியை. இரண்டு வாரம் இருப்பார்கள். நம் நாட்டில் இன்றைக்கு ஓவியர்களும் சிற்பிகளும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்த்துப் படிக்க வருகிறார்களாம். அவர்கள் மொழி தெரிந்தவர்கள் ஊரில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் பிரசவ விடுப்பில். இன்னொருவர் காதுக் கருவி வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பவர். ஆக, நான்.

பேராசிரியை போனில், "கலை பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. ஆனால் யார் என்ன சொன்னாலும் அப்படியே சொல்வேன்."

"அதுதான் வேண்டும்," என்றார். பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார்.

மே 7, புதன்

முதல் நாள். முதல் ஓவியர். பெரிய கூடம், நாலு சுவரிலும் நீலம். சின்ன நீலம், பெரிய நீலம், கதவளவு நீலம். மனிதர் நாலு நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். வெளி, இன்மை, வெளியின் இன்மை, இன்மையின் வெளி.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ஐயா, கடைசியாச் சொன்னது முதல்ல சொன்னதேதானா, வேறயா?"

கோர்ட்டில் இதற்கு அனுமதி உண்டு. புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் கேட்கலாம். சொந்தக் கேள்விதான் கேட்கக் கூடாது.

கொஞ்சம் யோசித்து, "வேறதான்," என்றார்.

"எப்படி வேறன்னு சொன்னீங்கன்னா அவங்ககிட்டயும் சொல்லிடுவேன்."

இன்னும் கொஞ்சம் யோசித்தார். "சரி, ரெண்டும் ஒண்ணுன்னே வச்சுக்கோங்க."

மாணவர்களில் ஒரு பெண் எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள். மனதுக்குள் அவளுக்கு ஏன்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். "ஏன் நீலம்?" என்று அவள் கேட்டாள். ஓவியர் மறுபடி வெளிக்குப் போகப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கடையில அது மட்டும்தான் பெரிய டப்பாவுல இருந்துச்சு," என்றார். பதினொரு பேரும் எழுதிக்கொண்டார்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் எழுதிக்கொண்ட ஒரே விஷயம் அது.

இன்னொன்று. "மூன்று மாதமாக நான் நீலத்தைத் தவிர எதையும் தொடவில்லை" என்று நான் மொழிபெயர்த்தபோது ஒரு மாணவர் என் விரல்களைப் பார்த்தார். அதனால் வேனில் விளக்க வேண்டி வந்தது: பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்வேன். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்ல மாட்டேன். கோர்ட் பழக்கம். கொலைகாரர், கடத்தல்காரர், கப்பலில் ஒளிந்து வந்தவர், எல்லோருக்கும் நான்தான் நான்.

மே 8, வியாழன்

காலையில் அகராதியைப் பார்த்தேன். இன்மைக்கு நேற்று நான் போட்டது சரியான சொல்தான். நிம்மதி.

மே 9, வெள்ளி

தண்ணீர்த் தொட்டிகளில் படம் வரையும் இரண்டு பெண்கள். அண்ணியும் நாத்தனாரும். மொட்டை மாடித் தொட்டியில் ஏணி போட்டு ஏறிக் காட்டினார்கள். தொட்டி முழுக்க, அந்தத் தெருவில் துணி காயப்போடுகிறவர்களின் கைகள். கைகள் மட்டும். மூத்தவள் கீழே எட்டிப் பார்த்து, "உங்க ஊர்ல தண்ணித் தொட்டி என்ன கலர்?" என்று கேட்டாள். பதினொரு பேருக்கும் பதில் தெரியவில்லை. பேராசிரியைக்கும் தெரியவில்லை. அதையே பாடமாக வைத்து அரை மணி நேரம் பேசினார். கெட்டிக்காரி.

திரும்பி வரும்போது நம் வீட்டுத் தொட்டியை அண்ணாந்து பார்த்தேன். கறுப்பு. பதினைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறதாம்.

மே 10, சனி

பேராசிரியை அடுத்த வாரத்துப் பட்டியலைத் தந்தார். பெயர் எதுவும் இல்லை, இடமும் நேரமும் மட்டும். "14ஆம் தேதி, காலை பத்து: பழைய அச்சகம், மாடி."

அது என் மகள் இருக்கிற இடம்.

இவரிடம் நீட்டினேன். மெழுகு ஒட்டிய விரலோடு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, சொன்னா," என்றார்.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. உனக்கு இந்த வேலை வரும்னு அப்போ யாருக்குத் தெரியும்?"

எங்களுக்குள் சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை போட்டால்தான் சமாதானம் ஆக முடியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, "பழைய சாமான்களை வச்சு வேலை செய்யப் போறேம்மா," என்றாள். சரி என்றேன். என்னைப் பொறுத்தவரை அது மரியாதை. முப்பது வயதை எட்டப்போகிற பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய நான் யார்? மறு மாதம் அச்சக மாடிக்குக் குடிபோனாள். ஞாயிறுதோறும் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், தண்ணி வருதா, வருது, அப்பாகிட்ட குடு. அப்பாவும் மகளும் நாற்பது நிமிடம் சிரிப்பார்கள். நான் வெங்காயம் நறுக்குவேன்.

இவர் சொல்கிறார்: "உனக்குக் கேட்கத் தெரியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லத்தான் தெரியும்."

எங்கள் இருவருக்கும் இவர்தான் மொழிபெயர்ப்பாளர். சம்பளமில்லாமல். வாக்கியத்துக்கு வாக்கியம் சொந்தச் சரக்கையும் சேர்த்து.

கோர்ட்டாக இருந்தால், சாட்சி எனக்கு உறவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருப்பேன். இங்கே யாரிடம் எழுதிக் கொடுப்பது? மகளுக்கே போன் செய்தேன்.

"புதன்கிழமை நான்தான் வர்றேன்."

"அப்பா சொன்னார்."

"வேற ஆள் பார்க்கச் சொல்லவா?"

"வேணாம்மா. நீன்னா நான் சொல்றதை அப்படியே சொல்லுவ."

மே 12, திங்கள்

விடுதிக் கூடத்தில் வகுப்பு. எந்தப் பொருளைப் பற்றியும் பேசுவதற்கு முன் ஏழு நிமிடம் அதைச் சும்மா பார்க்க வேண்டும் என்பது பேராசிரியையின் சட்டம். ஏழு நிமிடம் எனக்கு வேலை இல்லை. நானும் எதிரே இருந்த தீயணைப்பு வாளியைப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்தில் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

மே 14, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதினால் தீரும்.

அச்சகத்தின் கீழ்த்தளத்தில் இன்னும் மை வாசனை இருக்கிறது. படி ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராக ஏறினோம், நான் கடைசி. மகள் கதவருகே நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னாள். எனக்கும் சொன்னாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே ஒன்பது பெஞ்சுகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, பஸ் நிலையத்திலிருந்து வந்தது, பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன ஸ்பீக்கர். உட்கார்ந்தால்தான் கேட்கும், அதுவும் லேசாக. நான் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தேன். ஒரு பெண் குரல் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. "வந்துடும்... இப்போ வந்துடும்... இதோ வந்துடும்னு சொன்னாங்க." ஏழு நிமிடம் இதே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். மகள் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலோரம் நீளமாக ஒரு பச்சை பெஞ்ச். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டாவது கோர்ட் வராந்தா பெஞ்ச். அதில் நான் உட்காரவில்லை. ஏன்காரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது வேலை செய்யவில்லை," என்றாள்.

"அதுல ஸ்பீக்கர் கிடையாது," என்றாள் என் மகள். "அதை மட்டும் நானே சொல்லணும்."

சொன்னாள். நான் அவள் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"எட்டு வயசுலேர்ந்து பதினாலு வயசு வரைக்கும், ஸ்கூல் விட்டதும் நான் இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருப்பேன். எங்கம்மா உள்ளே வேலை பார்த்தாங்க."

என் அம்மா உள்ளே வேலை பார்த்தார், என்றேன். (என் அம்மா ஒரு நாளும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.)

"முதல் வருஷம், ஒரு நாள் கதவு வழியா எங்கம்மா குரல் கேட்டுச்சு. 'நான்தான் அவனைக் கத்தியால குத்தினேன்'னு."

இதை நான் சொல்ல வேண்டியிருந்தது. அதே வாயால், இரண்டாம் தடவை. சொன்னேன். ஒரு மாணவர் பேனாவை மூடிவிட்டார்.

"அது வேற யாரோ சொன்னது, அம்மா திருப்பிச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் வெளியே வந்து என் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு, 'பசிக்குதா'ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் கேட்கல. வீட்டுக்குப் போனதும் சமையலறையில இருந்த கத்தியை எல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு வாரம் கத்தியே இல்லாமல், பல் அச்சின் பிளாஸ்டரைச் சுரண்ட எடுத்துப் போய்விட்டார் என்று இவரோடு நான் போட்ட சண்டை. 'நான் எடுக்கலம்மா' என்று இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாரே. எட்டு வயதுப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

"வளர வளரப் புரிஞ்சுது. எங்கம்மா எல்லாருக்காகவும் பேசுறாங்க. வெளியே வரும்போது என்கிட்ட பேச அவங்ககிட்ட வார்த்தை மிச்சம் இருந்ததே இல்ல."

நான் சொன்னது: "வளர வளரப் புரிந்தது. என் அம்மா எல்லோருக்காகவும் பேசுகிறார்."

அதோடு நிறுத்தினேன். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பவள் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாக்கியம் இல்லை. கைதட்டினார்கள்.

படி இறங்கும்போது பின்னால் வந்து கேட்டாள். "கடைசியாச் சொன்னதையும் சொன்னியா?"

"சொன்னேன்."

தலையாட்டினாள். அவளுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. நான் சொன்னதுதான் அவளுக்கு வேதம்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாக்கியம் விட்டதில்லை. சாட்சி நீதிபதியைத் திட்டியபோதுகூட, நீதிபதியின் கண்ணைப் பார்த்து அந்தத் திட்டை அப்படியே திட்டியவள் நான். இன்று ஒன்றை விட்டேன். விட்டதோடு நிற்காமல் விடவில்லை என்று வேறு சொன்னேன். ஏன்? — அவர்கள் என்ன நினைப்பார்கள் என்றா? அந்த அம்மா நான்தான் என்றே அவர்களுக்குத் தெரியாதே. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். வரலன்னா வரல.

மே 15, வியாழன்

தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இதோடு பொய் மூன்று.

மே 16, வெள்ளி

வேன் கிளம்பியதும் பேராசிரியையிடம் மைக்கை வாங்கினேன். எழுந்து நின்று மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோர்ட்டில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன்.

"ஒரு திருத்தம். 14ஆம் தேதி காலை, அச்சக மாடியில், பச்சை பெஞ்ச் பற்றிய பேச்சில் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். அந்த வாக்கியம்: 'வெளியே வரும்போது என்னிடம் பேச அவரிடம் வார்த்தை மிச்சம் இருந்ததே இல்லை.' பதிவில் சேர்த்துக்கொள்ளவும்."

பதினொரு பேரும் நோட்டைத் திறந்து, உரிய பக்கத்தைத் தேடி எழுதினார்கள். நல்ல பிள்ளைகள். அப்புறம் ஏன்காரி தலையைத் தூக்கினாள். எனக்குத் தெரியும், அவள் கேட்பாள் என்று.

"ஏன் விட்டீர்கள்?"

"அந்த அம்மா நான்தான்," என்றேன்.

பதினொரு பேரும் பேனாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். மொழி தெரியாத டிரைவர், எங்கேயோ விபத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து வண்டியை மெதுவாக்கி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அடுத்த ஆள் காத்திருப்பார். சாயங்காலம் நான் தனியாகப் போகிறேன்."

அடுத்த ஆள் கை கழுவும் தொட்டிகளை மட்டும் புகைப்படம் எடுப்பவர். நன்றாகத்தான் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

நாலரை மணிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒயர் சீவிக்கொண்டிருந்தாள். வெயில் பெஞ்சுகள் மேல் சாய்வாக விழுந்திருந்தது. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"முந்தாநாள் பொய் சொன்னேன். கடைசி வாக்கியத்தை விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில அவங்ககிட்ட திருத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. நீ விட்டுட்டன்னு அன்னைக்கே தெரியும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அதை நீ சொல்லியிருந்தா யாரும் டக்குன்னு கைதட்டியிருக்க மாட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன் கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான்."

பச்சை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன், என்னென்ன கேட்பது என்று. எதை முதலில் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை.

"முடியை ஏன் வெட்டின?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைக் கேட்கவா மூணு வருஷம்?"

"வரிசையாத்தான் வரணும்."

ஒயர் பற்றவைக்கும்போது சூடு பட்டு ஒரு பக்கம் பொசுங்கிவிட்டதாம். அதற்குச் சமமாக மறு பக்கத்தையும் வெட்டிக்கொண்டாளாம். "இந்த பெஞ்ச் எப்படிக் கிடைச்சுது?" கோர்ட்டில் பழைய சாமான் ஏலம் விட்டபோது வாங்கினாளாம். தூக்கி வந்தது யார்? அப்பாவும் அவருக்கு வேலை தரும் பல் டாக்டரும். இவர் இந்த மாடிக்கு வாரம் இரண்டு தடவை வருகிறார் என்பதும், ஒயர் சீவக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அவருக்கு இருக்கிறது.

"வேலையை ஏன் விட்ட?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் ரொம்ப நேரம் பதில் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் என்னிடம் சொன்னது, யாருக்கும் மாற்றித் தருவதற்காக அல்ல.

அப்புறம் அவள் கேட்டாள். "அந்தக் குத்தின ஆளு என்னம்மா ஆனான்?"

"எந்த ஆளு?"

"நான்தான் குத்தினேன்னு நீ சொன்னியே. அந்த ஆளு."

கப்பல் சமையல்காரர். சூப்பில் உப்பில்லை என்று சொன்ன கப்பல் தச்சரைக் குத்திவிட்டார். அந்தத் தச்சரே கூண்டில் ஏறி, உப்பு இருந்தது, கிண்டிக் குடிக்காதது என் தப்பு என்றார். இரண்டு பேருக்கும் நான்தான் குரல். உட்கார்ந்தபடியே இருவரையும் நடித்துக் காட்டினேன்: சமையல்காரர் தேம்பித் தேம்பி, தச்சர் கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டி. நீதிபதி சிரிப்பை அடக்கப் பேப்பரைப் புரட்டியது வரை. சின்னத் தண்டனைதான். அது முடிந்ததும் ஒரே கப்பலில் இரண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"குத்துப்பட்ட ஆளு சாகலையா?"

"எட்டுத் தையல். தோள்பட்டையில."

"இத்தனை வருஷமா செத்துட்டான்னே நினைச்சுட்டு இருந்தேம்மா."

கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கையில் இருந்த ஒயரை வாங்கி, எப்படிச் சீவுவது என்று கேட்டேன்.

மே 17, சனி

ஏன்காரியோடு நாலு பெயிண்ட் கடை. அவளுடைய கட்டுரைத் தலைப்பு: எந்த நிறம் பெரிய டப்பாவில் வருகிறது, ஏன். மூன்று கடைக்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்தார்கள். நாலாமவர் உட்காரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினார். இருபது வருஷமாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தாராம்.

மே 20, செவ்வாய்

கிளம்பிவிட்டார்கள். விடுதி வாசலில் பேராசிரியை கட்டிக்கொண்டு, அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார். அந்த அச்சக மாடிக்கு மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் உறவு, என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

கோர்ட் திறந்தாயிற்று. இன்று ஒரு பாஸ்போர்ட் வழக்கு. ஐந்து மணிக்கு வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றபடியே மகளுக்கு போன் செய்தேன். "என்னம்மா, ஞாயித்துக்கிழமை இல்லையே," என்றாள். ஆளிடம் இருந்த மூன்று பிறப்புச் சான்றிதழ்களைப் பற்றிச் சொன்னேன். பஸ் வரும் வரை சொன்னேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு மாதம் கழித்து இந்த நோட்டை எடுக்கிறேன். நடுவில் நாலு தடவை எடுத்து, தேதி மட்டும் போட்டு மூடியிருக்கிறேன்.

மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டதும் அளவு நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டேன். "இன்னும் தெரியலம்மா," என்றாள். முன்பென்றால் இதை மழுப்பல் என்று நினைத்திருப்பேன். நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். இவர் சோபாவில் இருந்து எழுந்திருக்க மறுத்ததால் அவரையும் சேர்த்து அளந்தோம்.

போகும்போது மணி ஆறு. கதவுக்கு வெளியே நின்றும் அரை மணி பேசினோம்.

இப்போது எழுத உட்கார்ந்தால், நாளெல்லாம் மனதில் இருந்ததை எல்லாம் அவளிடமே சொல்லிவிட்டிருக்கிறேன். நேற்றும் அப்படித்தான். இங்கே வைக்க ஒன்றும் மிச்சமில்லை.